காலுறையில் விழுந்த வெள்ளைக் கோலி

ஜனவரி 21, 2019, திங்கள்

விடியும் முன்பே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. வாசல் படியை நான்தான் வழித்தேன். சங்கத் தலைவி என்ற பதவிக்கு இந்த வீட்டில் கிடைக்கும் ஒரே மரியாதை அந்த மண்வாரிதான்.

பதினோரு மணிக்கு உதவி டீன் ஹார்ட்விக் கூப்பிட்டிருந்தார். ஜோசியும் கூட வந்தாள். அவள் எங்கள் செயலாளர். எதையும் எழுதி வைத்துக்கொள்ளாத செயலாளர், ஆனால் எதையும் மறக்காதவள். போன அக்டோபரில் பையன்கள் சங்கம் ஒன்றில் ஒருவன் குடித்துவிட்டுக் கூரையிலிருந்து விழுந்தான். அதற்கான தண்டனை இப்போது எங்கள் வரை வந்திருக்கிறது. மேலே ஒரு தலைமையகமும் காப்பீடும் இல்லாத எந்தச் சங்கத்தையும் கல்லூரி இனி ஏற்காது. மார்ச் ஒன்றுக்குள் ஏதாவது ஒரு பெரிய சகோதரிச் சங்கத்தின் கிளையாக மாறுவதாக விண்ணப்பம் போட வேண்டும். போடாவிட்டால் வெஸ்பர் என்ற பெயரில் நாங்கள் ஒன்றுகூட முடியாது, இந்த வீட்டில் தங்கவும் முடியாது.

வெஸ்பர் இந்த ஒரு கல்லூரியில் மட்டும் இருக்கும், பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கும் சங்கம். 1962-இல் ஆறு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. இப்போது பதினோரு பேர் இருக்கிறோம்.

எங்களை எடுத்துக்கொள்ள ஒரே ஒரு சங்கம்தான் தயார் என்று ஹார்ட்விக் சொன்னார். மூன்று கிரேக்க எழுத்துப் பெயர், நூற்றுக்கும் மேல் கிளைகள். கனடாவில் நாலு கிளை இருப்பதால் அது சர்வதேசச் சங்கமாம். வீட்டில் நாங்கள் அவர்களைப் ‘பெரியவங்க’ என்றுதான் சொல்வோம்.

பெயரைக் கேட்டதும் எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 22, செவ்வாய்

ஏன் அப்படி இருந்தது என்று எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது.

முதல் வருஷம் நானும் பெரிய சங்கங்களின் உறுப்பினர் தேர்வுக்குப் போனேன். மூன்று நாள். முதல் நாள் எல்லாச் சங்கங்களின் வீட்டுக்கும் போய்ச் சிரிக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் ஒரு தாள் தருவார்கள்; எந்தெந்த வீடு உன்னை மறுபடி கூப்பிடுகிறது என்று அதில் இருக்கும். என் தாள் வெறுமையாக இருந்தது. கொடுத்த பெண் அதை மடித்துக் கொடுத்தாள், மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று. அந்த மடிப்பை இன்று நினைத்தாலும் கன்னம் சுடுகிறது. நான் அதிகம் ஆசைப்பட்டது இதே பெரியவர்களின் வீட்டுக்குத்தான்; அப்போது இங்கே இருந்த அவர்கள் கிளை மறு வருஷமே மூடிப்போனது.

நூலகப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை வெஸ்பர் பெண் ஒருத்தி இங்கே கூட்டிவந்து தக்காளி சூப்பும் சீஸ் ரொட்டியும் கொடுத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வாரமே நான் வெஸ்பர்.

ஜனவரி 27, ஞாயிறு

கூட்டத்தில் நானே எழுந்து பெரியவர்களோடு சேர்வதுதான் வழி என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். வீடு நிற்கும், அறைகள் நிற்கும், பெயர்தானே மாறுகிறது என்றேன். ஜோசி கைதட்டினாள். மேரன் மட்டும், “பெயர் மாறினா அப்புறம் நாம யாரு, அக்கா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மேரன் என் தங்கை. பெற்ற தங்கை இல்லை, வீட்டுத் தங்கை. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருத்திக்கும் மூத்தவள் ஒருத்தியை அக்காவாகத் தருவது வழக்கம். யார் அக்கா என்று முன்கூட்டிச் சொல்லமாட்டோம். வாசலில் கம்பளி நூலின் ஒரு முனையைக் கையில் கொடுப்போம். நூல் மாடிப்படி, குளியலறை, துணி அலமாரி என்று வீடு முழுக்கச் சுற்றி ஒரு கதவுக்குப் போகும். போன செப்டம்பரில் மேரன் நீல நூலைப் பிடித்துக்கொண்டு என் கதவுக்கு வந்தாள். வழியில் சிக்கலை எல்லாம் பொறுமையாக அவிழ்த்து, நூலை அறுக்காமல் முழுப் பந்தாகச் சுற்றிக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

விடுமுறைக்குக்கூட அவள் ஊருக்குப் போவதில்லை. அவள் அம்மாவோடு இருக்கும் ஆள் அப்படி. கிறிஸ்துமஸுக்கு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் அப்பாவோடு உட்கார்ந்து ஐஸ் ஹாக்கி பார்த்தாள். அவளுக்கு இந்த வீட்டு மூன்றாம் மாடி அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

பிப்ரவரி 3, ஞாயிறு

வாக்கெடுப்பு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி ஞாபகம் வரும்.

1962-லிருந்து ஒரே முறைதான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வெள்ளைக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. மரப்பெட்டி சுற்றி வரும். ஓட்டைக்குள் கைவிட்டு ஒன்றைப் போட வேண்டும். மீதி இருப்பதைப் பழைய சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையில் போட வேண்டும். வீட்டில் ஆகக் கடைசியாகச் சேர்ந்தவள் காலுறையை விரித்துப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியோடு கூடவே வருவாள். பார்க்கக் கூடாது. யார் எதைப் போட்டார்கள் என்று பிறகு கேட்கவும் கூடாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் தீர்மானம் செத்தது.

காலுறை பிடித்தவள் மேரன்.

பெட்டி என்னிடம் வந்தது. வெள்ளையைப் போடத்தான் கையை விட்டேன். சத்தியமாக. உள்ளே போனபின் விரல்கள் அந்த மடித்த தாளை நினைத்துக்கொண்டன போலிருக்கிறது. கறுப்பை விட்டேன். மீதி வெள்ளையைக் காலுறையில் போட்டேன். கை நடுங்கியது.

ஜோசி பெட்டியைத் திறந்தாள். பத்து வெள்ளை, ஒரு கறுப்பு.

 நான்தான், “சரி, யோசிப்போம்” என்று கூட்டத்தை முடித்தேன். என்ன ஒரு தலைவி.

பிப்ரவரி 4, திங்கள்

பார்த்திருப்பாளா?

பிப்ரவரி 6, புதன்

இரவுச் சாப்பாட்டில் ஜோசி எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள்.

“காலுறை உன் கையிலதானே இருந்துச்சு? வெள்ளையை அதுக்குள்ள போட்டது யாருன்னு உனக்குத் தெரியாம இருக்குமா?”

“நான் பார்க்கல,” என்றாள் மேரன்.

“பார்க்காமலே பதினோரு தடவை நின்னியா?”

“பார்க்கக் கூடாதுன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க.”

“அப்போ நீதான் போட்டிருக்க. மத்தவ போட்டிருந்தா இந்நேரம் சொல்லியிருப்ப. உன்னைத் தவிர யாருக்குடி இங்க பழசு மேல இவ்வளவு பாசம்?”

மேரன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் அழுத்திக்கொண்டே இருந்தாள். மறுக்கவில்லை. தலையைத் தூக்கி மேசையைச் சுற்றிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். மற்றவர்களைவிட அதிகமாகவா? எனக்குத் தெரியவில்லை. யார் போட்டார்கள் என்று கேட்பது நம் வழக்கம் இல்லை என்று ஜோசியிடம் கடுமையாகச் சொன்னேன்.  நான் தங்கையைக் காப்பாற்றுவதாக எல்லாரும் நினைத்திருப்பார்கள்.



பிப்ரவரி 10, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மறுவாக்கெடுப்பு. இந்த வாரம் மேரனோடு யாரும் பேசுவதில்லை. சமையல் வேலைப் பட்டியலில் அவள் பெயரை யாரோ அடித்திருக்கிறார்கள். அவள் காப்பிக் கோப்பை குப்பைத் தொட்டியில் கிடந்தது. உடையவில்லை, முழுசாகவே கிடந்தது. அதை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தேன். அதோடு என் வீரம் முடிந்தது.

சொல்லிவிடலாம். நான்தான் என்று நாலு வார்த்தை. ஆனால் தலைவியே ஏமாற்றினாள் என்றால் வீடு உடையும், கெடு தாண்டும், பதினோரு பேரும் தெருவில். இது காரணமா, சாக்கா? இரண்டும்தான். உண்மையில் எனக்குப் பயம். இன்னொரு தடவை வெறும் தாளை வாங்க எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

மேரன் என் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். பாடத்தைப் பற்றி என்னவோ கேட்டாள், நானும் என்னவோ சொன்னேன். கடைசியில், “ஞாயித்துக்கிழமை எப்படிக்கா போடணும்?” என்றாள்.

வெள்ளை போடு, வீடு நிற்கட்டும் என்றேன்.

“நீயும் வெள்ளைதானே?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எதற்கோ காத்திருந்தாள். எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி புத்தகத்தைப் புரட்டினேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

பதினொன்றும் வெள்ளை. காலுறை முழுக்கக் கறுப்பு.

எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜோசி மேரன் பக்கம் திரும்பி, “இப்பவாவது புத்தி வந்துச்சே,” என்றாள். சிலர் கைதட்டினார்கள்.

பிப்ரவரி 25, திங்கள்

பெரியவர்களின் ஆலோசகர் வந்துவிட்டாள். கேந்த்ரா, இருபத்துமூன்று வயது, இரண்டு பெட்டி. போன வருஷம்தான் படிப்பு முடித்தாளாம்; வருஷம் முழுக்கக் கிளை கிளையாகப் போய் விருந்தாளி அறைகளில் தூங்குகிறாளாம். ஈரத் தலையோடு சமையலறையில் நின்று கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டாள். அவளை வெறுக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன், முடியவில்லை.

ஒரு விஷயம் இன்றுதான் தெரிந்தது. சங்கத்தைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள், எல்லாப் பெண்களையும் அப்படியே சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. ஒவ்வொருத்தியையும் தனியாக நேர்காணல் செய்து, யாருக்கு அழைப்பு என்று தலைமையகம் முடிவு செய்யும். அழைப்பு இல்லாதவள் ‘வெஸ்பரின் முன்னாள் உறுப்பினர்’. அவளுக்குச் சான்றிதழ் தருவார்களாம். அறை தரமாட்டார்கள்.

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். விண்ணப்பத்தின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறதே என்றாள். கையெழுத்துப் போட்டது நான். ஐந்தாம் பக்கம் வரை படித்திருந்தேன்.

பிப்ரவரி 27, புதன்

என் நேர்காணல். வரவேற்பறையில், பியானோ பக்கத்து நாற்காலி. இருபது நிமிஷம் என் மதிப்பெண், சேவை, கனவு. பிறகு கேந்த்ரா பேனாவை மூடிவிட்டு ரொம்ப அன்பாகக் கேட்டாள்.

“இதை நீங்க மட்டும்தான் சொல்ல முடியும் ரோவீனா. புது வீட்டோட ஒட்டமாட்டாங்கன்னு யாராவது இருக்காங்களா? எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க. நீங்க அவங்க அக்கா. உங்க வாயால கேட்கணும்.”

இதுதான் அந்த நிமிஷம். வாசலைத் திறந்து வைத்துக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அந்தக் கறுப்புக் கோலி என்னுது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

“மேரனுக்குப் பழைய வீட்டு மேல ரொம்பப் பற்று,” என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கேந்த்ரா பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

மார்ச் 1, வெள்ளி

விண்ணப்பம் போய்விட்டது. வீடு நிற்கிறது.

மார்ச் 9, சனி

உறைகள் வந்தன. பத்து தடித்தது, ஒன்று மெலிசு.

மெலிசைக் கொடுக்க வேண்டியது தலைவி. மூன்றாம் மாடி ஏறும்போது ஒன்றைக் கவனித்தேன், உறையை நடுவில் மடித்துப் பிடித்திருந்தேன். மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று. படியிலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. பிறகு ஏறிப்போய்க் கொடுத்தேன்.

அவள் பிரிக்கவில்லை. கையில் எடை பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

மேரன் போய்விட்டாள். நாற்பது மைல் தள்ளி அம்மா இருக்கும் இடத்துக்கே. வகுப்புக்கு அங்கிருந்து வருவாளாம். அவள் காரில் ஹீட்டர்கூட ஒழுங்காக வேலை செய்யாது.

பெட்டிகளைத் தூக்க நான் மட்டும்தான் போனேன். மற்றவர்கள் பான்கேக் விருந்து என்று ஊருக்குள் போயிருந்தார்கள். ஜோசி வேண்டுமென்றே இன்றைக்கு வைத்தாள். கார் பின்கதவை மூடிவிட்டு மேரன் கையுறையைப் போட்டுக்கொண்டே பேசினாள். கோபமே இல்லாமல் பேசினாள். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“நான் பார்த்தேன்க்கா. பார்க்கக் கூடாதுதான். உன் கை நடுங்குச்சு, உடம்பு சரியில்லையோன்னு திரும்பிட்டேன்.”

 “அன்னைக்கு ஜோசி கேட்டப்போ ஏன் சொல்லல?” என்றேன்.

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.”

பனி காலடியில் நெறுநெறுவென்றது. அவள் கார்க் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“தினமும் சாப்பாட்டு மேசையில உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குச் சொல்லிருவா, இன்னைக்குச் சொல்லிருவான்னு. ஒருவேளை எல்லாரும் இருக்கிறதால கூச்சப்படுறியோன்னு தனியா உன் ரூமுக்குக்கூட வந்தேன்.”

“நீ என்ன போட்ட? முதல் தடவை?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது எனக்கு, அந்த நேரத்தில்.

“வெள்ளை. உனக்கு அதுதான் வேணும்னு நினைச்சேன்.”

நான் போய் எல்லாரிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன். இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது, உன் அறையும் போகும், அவ்வளவுதான் என்றாள். போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று உடனே என் மனசு ஒட்டிக்கொண்டது. என்ன ஜென்மம் நான்.

நீல நூல் பந்து அவள் மேசையிலேயே இருக்கிறது. மறந்தாளா, விட்டுப்போனாளா?

மார்ச் 19, செவ்வாய்

ஜோசி அறிவிப்புப் பலகையில் புதுப் பெயரின் மூன்று கிரேக்க எழுத்துகளைத் தொங்கவிட்டாள். மேரனைப் பற்றி, “பாவம், அவ நல்லவதான். அந்தக் கறுப்பு மட்டும் போடாம இருந்திருக்கலாம்,” என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 6, சனி

சேர்ப்பு விழா. வெள்ளை உடை, மெழுகுவர்த்தி. உள்ளே நடந்ததை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சத்தியத்தைக் காப்பாற்றுகிற பெண் நான் என்பது எல்லாருக்கும் தெரியும். கழுத்துப் பக்கம் சங்கச் சின்னம் பதித்த ஊசியைக் குத்தியபோது கேந்த்ராவுக்குக் கண் கலங்கியது. அவளுக்கு இது நிஜம். முதல் வருஷம் நான் ஆசைப்பட்டது இதே ஊசிக்குத்தான். அழகாக இருக்கிறது.

இனி வாக்கெடுப்பெல்லாம் கைபேசியில். மரப்பெட்டியை நூலகத்தில் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறார்கள், வெஸ்பர் 1962–2019 என்று அட்டை எழுதி. காலுறை பார்க்க நன்றாக இல்லையாம், வேண்டாம் என்றுவிட்டார்கள். கோலிகளைக் கொட்டிவிட்டுக் காலுறையைத் துவைத்துக் காயப்போட்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 7, சனி

நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையக் கடையில் மேரன். பச்சை மேலங்கி, கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஜூனிலேயே படிப்பை நிறுத்திவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள், நான் நம்பாமல் இருந்தேன். காரைவிட்டு இறங்கவில்லை. பெட்ரோல் போடாமலே திரும்பினேன். பாதி வழியில் காரில் பெட்ரோலுக்கான சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 10, வியாழன்

இன்று நூல் சாயங்காலம். வீட்டுக்கு இந்த வருஷம் பத்தொன்பது புதுப் பெண்கள். தேர்வு நாட்களில் இரண்டாம் நாள் தாள்களை நானும் ஜோசியும்தான் நிரப்பினோம். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

நூலை நானே கட்டினேன். மஞ்சள். கடையில் நீலமும் இருந்தது.

தலைமையகத்திலிருந்து, யாருக்கு யார் அக்கா என்று நிரப்பும் குடும்ப மரப் படிவம் வந்திருக்கிறது. அதில் நாங்கள் பத்து பேர்தான் வேர். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அன்னெலீஸ் என்று பெயர். குட்டையான பெண், மூச்சு வாங்க நின்றாள், முகம் முழுக்கச் சிரிப்பு. வழியெல்லாம் சிக்கலாம், இரண்டு இடத்தில் அறுத்துவிட்டாளாம், மன்னிக்கச் சொன்னாள். பரவாயில்லை என்று கட்டிக்கொண்டேன். தலைமுடியில் ஆப்பிள் வாசனை. கட்டில் நுனியில், அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, எனக்கு முன்னாடி உங்களுக்குத் தங்கச்சி யாராவது இருந்தாங்களா?”

“இல்ல. நீதான் முதல்,” என்றேன்.

ரொம்பச் சந்தோஷப்பட்டாள். கையில் இருந்த நூலை என்ன செய்வது என்று கேட்டாள். மேசை மேல் வைக்கச் சொன்னேன்.